ஓம் என்று சொன்ன கோல்கீப்பர்

நான் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும்தான். ஆனாலும் ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில், துப்புரவு நிறுவனம் ஒன்றைத் தனி ஆளாகத் தொடங்கி, இன்று பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் சம்பளம் கொடுக்கிறேன். என் பேத்தி ஹாண்ட்பால் விளையாடும் மண்டபத்தைத் துடைப்பதும் என் ஆட்கள்தான். அந்தத் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பொய் என்றால் வந்து பாருங்கள்.

அதனால்தான் ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில், கோல் காக்கும் என் பேத்தி பந்துக்குப் பாய்ந்து விழுந்தபோது, என் கண் முதலில் தரைக்குப் போனது. ஈரமில்லை. பிள்ளை வழுக்கவில்லை, தலை கோல் கம்பத்தில் அடிபட்டிருந்தது.

பயிற்சி கொடுக்கும் ஜெர்மன் பெண் ஓடிப்போய், விளையாட முடியுமா என்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டார். பேத்தி எழுந்து நின்று, "ஓம், ஏலும்" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் யாழ்ப்பாணத் தமிழில் 'ஓம், ஏலும்' என்றால் 'ஆம், முடியும்'. அவர்களுக்கு 'ஓம்' என்பது யோகா வகுப்பில் கண்ணை மூடிச் சொல்லுகிற சொல். பயிற்சியாளருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் தமிழில் கேட்டாலும் டொச்சில் பதில் சொல்லுகிற பிள்ளை, அத்தனை பேருக்கு முன்னால் தமிழ் பேசுகிறாள்! பக்கத்தில் இருந்தவரைத் தட்டினேன். அவரும் யாழ்ப்பாணத்தார், அவருடைய மகளும் அதே அணி.

"பாத்தீரோ தம்பி? எங்கட வளர்ப்பு!"

"அண்ணை, போன கிழமை என்னட்டை 'தமிழ் வராது' எண்டு டொச்சில சொன்ன பிள்ளை. இப்ப என்ன திடீரெண்டு?"

என் பெருமை அந்த இடத்திலேயே நின்றது. தலையில் பட்ட அடியில், யாரோடு பேசுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

இந்த வயதிலும் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டக்கூடியவன் நான். கீழே பாய்ந்து, "அவளை வெளியில எடுங்கோ!" என்று கத்தினேன். நானும் தமிழில்தான் கத்தினேன். பிறகுதான் டொச்சில் விளங்கப்படுத்தினேன். பயிற்சியாளர் மறுபேச்சில்லாமல் ஆட்டத்தை நிறுத்தி அவளை வெளியே கொண்டுவந்து, அம்புலன்சையும் கூப்பிட்டார்.

"அம்மப்பா, ஆர் வெல்லுகினம்?" என்று கேட்டாள் பேத்தி.

"நாங்கள்தான், பிள்ளை."

சற்றுப் பொறுத்து மறுபடியும், "அம்மப்பா, ஆர் வெல்லுகினம்?"

எவ்வளவு காலம் காத்திருந்த தமிழ்! பிள்ளை தெளிந்தால் போதும் என்று அதை அவ்வளவையும் அப்போதே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மூளை அதிர்ச்சி என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரத்தக் கசிவு இல்லை. முதலில் ஓய்வு, பிறகு நடை, ஓட்டம், கடைசியில்தான் பந்து. அடுத்த நாளே பிள்ளை டொச்சுக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் அவளுடைய தாய், என் மகள், ஹாண்ட்பால் இனி இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டாள். பேத்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

"அப்பா, நீங்கள் கதைக்க வராதேங்கோ. உங்களுக்குப் பெருமை வேணும். எனக்குப் பிள்ளை வேணும்."

"எனக்கும் பிள்ளைதான் வேணும். பிள்ளைக்குப் பந்து வேணுமே?"

"நொந்தாலும் சொல்லமாட்டாள், அப்பா. இந்தப் பிள்ளையள் ஒண்டும் சொல்லாதுகள்."

பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த பயிற்சியாளரும் தேநீரைக் குடித்தபடி அதை ஒத்துக்கொண்டார். டொச்சில் கேட்டால், அடிபட்டதை மறைத்து, சமாளிப்பேன் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்லுமாம். "உங்கள் மொழியில் முடியாது என்பதற்கு என்ன சொல்?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"ஏலாது."

"ஏலாட்டு," என்றார் அவர். என் மகளே சிரித்துவிட்டாள். அன்றே அணிக்கு ஒரு விதி பிறந்தது: அந்தச் சொல்லைச் சொன்னவள் உடனே வெளியே வரலாம், ஏன் என்று கேட்பதில்லை, அணியில் அவள் இடமும் போகாது. அந்த விதியை நம்பி மகளும் அரைமனதாகச் சம்மதித்தாள்.

வைத்தியர் விளையாடலாம் என்று சொன்ன பிறகு வந்த முதல் ஆட்டத்துக்கு மகளும் வந்தாள். ஒரு நெட்டைப் பிள்ளை விரலைப் பிடித்துக்கொண்டு, "ஏலாட்டு!" என்று கத்திவிட்டு வெளியே வந்தாள். யாரும் நக்கலடிக்கவில்லை. மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு பந்து பேத்தியின் தோளில் பட்டு அவள் விழுந்தாள். மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏலாட்டு?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

பேத்தி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "நைன், அலெஸ் கூட்!" என்றாள். இல்லை, எல்லாம் சரி என்று, சுத்தமான டொச்சில்.

மகள் என் கையை விட்டாள். நான் மற்றப் பக்கத்தில் இருந்த அதே யாழ்ப்பாணத்தாரைத் தட்டினேன்.

"பாத்தீரோ தம்பி? என்ன வடிவான டொச்!"