வெங்கச்சாங்கல் அம்புகள்

எழுபதுகளின் கடைசியில், மூன்றாம் வகுப்பில் படித்தபோது, நானும் நீலப்பறவைப் படையில் இருந்தேன். சாரணர் இயக்கத்தில் சின்னப் பெண்பிள்ளைகளுக்கான பிரிவு அது. சனிக்கிழமைதோறும் மதுரையில் எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு டீச்சர் கயிற்றில் முடிச்சுப் போடவும், தரையில் குறி பார்த்து வழி கண்டுபிடிக்கவும் சொல்லிக்கொடுப்பார். ஒரு சனிக்கிழமை எங்களை டவுன் பஸ்ஸில் நாகமலை புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனார்.

மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தடியில் எங்களைப் பள்ளிக்கூட ஆயாவோடு உட்கார வைத்துவிட்டு டீச்சர் முன்னால் போனார். போகிற வழியெல்லாம் கற்களால் அம்புக்குறி போட்டுவைப்பார். அதைப் பார்த்துப் பார்த்து நாங்கள் ஜோடி ஜோடியாகப் போய் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். என் ஜோடி எதிர்வீட்டுக்காரி. எங்கும் சேர்ந்தேதான் திரிவோம்.

முதலில் சுலபமாக இருந்தது. செம்மண்ணில் கருங்கல் அம்புகள். பனைமரங்களைத் தாண்டியதும் அம்பு சோளக்காட்டுப் பக்கம் திரும்பியது. அங்கிருந்து கற்கள் மாறிவிட்டன. எல்லாம் வெள்ளை வெளேரென்ற வெங்கச்சாங்கல்.

"டீச்சர் வேற கல்லு போட்ருக்காங்கடி," என்றேன்.

"எந்தக் கல்லா இருந்தா என்ன? இங்கிட்டுத்தான காட்டுது, வா," என்று அவள் நடந்தாள்.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த ஆட்டு மணிச் சத்தம் நின்றுபோயிருந்தது. காற்றும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. போகப்போக அம்புகளுக்கு நடுவே இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. யாரோ அவசரப்பட்டுப் போட்டதுபோல ஒன்றின் வாலை இன்னொன்று தொட்டது. தலை நிமிராமலே நடந்தோம். நிமிர்ந்தபோது எதிரே ஒரு கிணறு. சுற்றுச்சுவர் இல்லை. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல் மேலேயும் ஓர் அம்பு. அது கீழே காட்டியது.

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு, வீட்டு மாடிப்படியில் இறங்குவதுபோல, ஒரு காலை அந்தக் கல்லில் வைத்தாள். நான் அவள் கழுத்து ஸ்கார்ஃபைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். அந்த நேரம் தூரத்தில் டீச்சரின் விசில் கேட்டது. எங்களுக்குப் பின்னால், வெகு தூரத்தில்.

ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னோம். அவர் நம்பாமல் எங்களோடு திரும்பி வந்தார். வெள்ளை அம்புகளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "நான் பனைமரத்துக்கு இங்கிட்டு வரவே இல்லையேம்மா," என்றார். வரப்பில் வந்த ஒரு விவசாயியைக் கூப்பிட்டு, "உங்க பிள்ளைக யாரும் விளையாடிச்சாண்ணே?" என்று கேட்டார்.

"இந்தக் கெணத்துப் பக்கம் எங்க பிள்ளைக வராதும்மா," என்றார் அவர். ஏன் என்று டீச்சர் கேட்கவில்லை. செருப்புக் காலால் ஒவ்வோர் அம்பாகக் கலைத்துக்கொண்டே எங்களை அழைத்து வந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் என் காதோரம் சொன்னாள்: "விசில் சத்தம் கெணத்துக்குள்ள இருந்து வந்துச்சுடி. அதான் எறங்கப் பாத்தேன்."

அதன் பிறகு டீச்சர் எங்களை வெளியே எங்கும் கூட்டிப்போகவில்லை. அவளும் நானும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அவள் அப்பாவுக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு போய்விட்டாள்.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் அவளைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கெணறு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"இல்லாம? ஆளக் கொல்லப் பாத்தியேடி அன்னைக்கு. உள்ள விசில் கேக்குதுன்னு நீ பாட்டுக்கு எறங்கப் போயிட்ட. ஒன் ஸ்கார்ஃபப் புடிச்சு இழுத்ததுல என் முட்டியெல்லாம் பேந்துபோச்சு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சேலையை லேசாகத் தூக்கி முட்டித் தழும்பைக் காட்டினாள். சாம்பார் வாளி எங்கள் பக்கம் வந்தது. கொஞ்சமாக ஊற்றச் சொன்னேன்.