விருந்தினர் வரும் வரை

எழுபதுகளில் நான் ஒரு தமிழ் நாளிதழுக்கு உள்ளூர் விழாச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். பொங்கல் விழா, தொழிற்சங்க ஆண்டு விருந்து, கோயில் நிதி நிகழ்ச்சி, பரிசளிப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே உருவம். அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் பிந்தி மண்டபம் நிறையும். அதற்கும் வெகுநேரம் கழித்துச் சிறப்பு விருந்தினர் வருவார். அதுவரை ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருக்கும். முன்வரிசை நாற்காலிகள் வெள்ளைத் துணி போர்த்திக் காலியாகக் கிடக்கும்.

தொழிற்பேட்டைப் பகுதியான ஜூரோங்கில் ஒரு சமூக நிலையத்தில் அப்படிப்பட்ட ஒரு மாலையில் விழாக்குழுச் செயலாளர் என் நாற்காலிக்கு வந்து குனிந்தார். வந்திருந்த கப்பல் பட்டறை ஆட்கள் மறுநாள் காலை ஷிப்டு என்று எழுந்து போய்விடுவார்களோ என்று அவருக்குப் பயம். "நீங்க பேப்பர்காரரு, நாலு விஷயம் தெரியும். அவரு வர்ற வரைக்கும் ஏதாச்சும் பேசிக்கிட்டு இருங்களேன்" என்றார். நான் மேடையேறி அன்று பேருந்தில் கண்ட ஒரு சண்டையைச் சொன்னேன். சிரித்தார்கள். கார் வந்ததும் செயலாளர் கதவருகில் நின்று கையை உயர்த்தினார். நான் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கும்பிட்டு, இறங்கிவிட்டேன்.

அடுத்த மாதமும் அவர் கூப்பிட்டார். சிரிக்க வைத்ததற்காக அல்ல, கை உயர்ந்ததும் நிறுத்தியதற்காக. எனக்கு முன்னால் அதே வேலையைச் செய்த பலகுரல் கலைஞர் ஒருவர், விருந்தினர் உட்கார்ந்த பிறகும் வாயால் ரயில் ஓட்டிக்கொண்டிருந்தாராம். அதன்பின் அவரை யாரும் அழைக்கவில்லை.

இப்படித்தான் அது தொழிலானது. நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இருக்காது. "நகைச்சுவை விருந்து, சிறப்பு விருந்தினர் வருகை வரை" என்று அச்சடித்திருப்பார்கள். சன்மானம் பெரும்பாலும் பொன்னாடை. என் ஓரறை வீட்டின் அலமாரியில் சட்டைகளைவிடப் பொன்னாடைகள் அதிகம். அவற்றைக் கொண்டுபோய்க் காட்டினால், தேக்கா சந்தைத் தையல்காரர்கள் எதற்கும் ஆகாது என்றார்கள். ஜரிகை உதிரும், துணி நிற்காது.

நிகழ்ச்சி முடிந்ததும் நானே செய்தியும் எழுத வேண்டும். செய்தி விருந்தினர் வந்த இடத்தில்தான் தொடங்கும். அதற்கு முன் நடந்தது எதுவும் அச்சுக்குப் போகாது என்பது அலுவலகத்தில் முதல் வாரமே கற்றுக்கொண்டது. என்னைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதியதில்லை.

எனக்கு முகவர் என்று சொல்லத்தக்கவர் ஒருவர் இருந்தார். தேக்கா சந்தைப் பக்கம் மாலை கட்டி விற்றவர். என் வயதுதான் இருக்கும். ஆனாலும் அண்ணே என்பார், நானும் அண்ணே என்பேன். ஊரில் எந்த விழா நடந்தாலும் மாலை அவரிடமிருந்துதான் வரும். ஆகவே விழாக்குழு என்னைத் தேடும் முன்பே நான் செயலாளர்களைத் தேடிப் போக முடிந்தது. இன்னொன்றும் அவரிடம் தெரிந்துகொண்டேன். முழ மாலை என்றால் உள்ளூர்ப் பிரமுகர், நேரத்துக்கு வந்துவிடுவார். ரோஜாவும் சம்பங்கியும் நெருக்கிக் கட்டிய ஆளுயர மாலை என்றால் பெரிய இடம். அன்றைக்கு எனக்கு முக்கால் மணி நேரமாவது கிடைக்கும். மாலையின் நீளத்தைப் பார்த்து என் நேரத்தைக் கணக்கிட்டேன்.

எந்தக் கணமும் கை உயரலாம் என்பதால் என் கதைகளை எங்கே வெட்டினாலும் சிரிப்பு விழும்படி அமைத்தேன். கட்டுரையைக் கடைசிப் பத்தியிலிருந்து வெட்டிக்கொண்டு வரும் பக்க அமைப்பாளரிடம் பழகிய கை. ஆட்டுக் கதை அப்படித்தான் வளர்ந்தது. கிராஞ்சிப் பக்கத்தில் கம்பம் என்கிற கிராமத்துக் குடியிருப்பில் இருந்தவர் ஒருவர் அடுக்குமாடிக்குக் குடிபெயர்கிறார். ஆட்டை விட மனமில்லை. கூடவே கூட்டி வருகிறார். மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நிற்காது, இவர் வீடு நிற்காத தளத்தில். ஆட்டோடு ஏறி, ஆட்டோடு படியிறங்கி, வழியில் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு வம்பு. எத்தனை மாடி வேண்டுமானாலும் சேர்க்கலாம். பத்து வருடத்துக்கு மேல் சொன்னேன். ஆடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததே இல்லை.

ஒரு நாள் ஜூரோங் பேருந்தில் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த ஒரு பெண் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கழுத்தில் சிறிய சிலுவை.

"அண்ணே, நீங்கதானே ஆட்டுக்கார அண்ணன்?"

ஆமென்றேன்.

"நான் மூணு தடவ கேட்டுட்டேன். சர்ச் டின்னர்ல ஒண்ணு, யூனியன்ல ரெண்டு. ஒவ்வொரு தடவயும் யாராவது வந்துடுறாங்க. கடைசில அந்த ஆட்டுக்கு என்னதான் ஆச்சு, சொல்லுங்க லா. எங்க வீட்டுப் பிள்ளைங்க என்னைய விட மாட்டேங்குதுங்க."

முடிவு என்று ஒன்றை நான் யோசித்ததே இல்லை. அதற்குள் அவருடைய நிறுத்தம் வந்துவிட்டது. பேர்கூடக் கேட்கவில்லை.

அந்த வாரமே முடிவை எழுதினேன். அதோடு ஒரு ஆசையும் பிடித்துக்கொண்டது. விருந்தினர் இல்லாத ஒரு நிகழ்ச்சி. எனக்காகவே வந்து, கதை முடியும்வரை உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டம். அப்படி ஒரு கூட்டம் சேருமா என்று தெரிந்துகொள்ளாமல் இதைத் தொடர்வதில் பொருளில்லை என்று தோன்றியது. சேராவிட்டால் விட்டுவிடுவது என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஜூரோங் செயலாளரிடம் ஆட்களை அனுப்பச் சொல்லிக் கேட்டேன்.

"நல்லாச் செய்யுங்க. யாரு வர்றாங்க?"

"யாரும் வரல. நான் மட்டும்தான் பேசுறேன்."

"அது புரியுது. யாரு வர்றாங்கன்னு கேட்டேன்."

மாலைக்காரரும் ஏறக்குறைய அதையே கேட்டார். மாலை யாருக்கு, எந்த அளவு என்றார். மாலை வேண்டாம் என்றதும் கையிலிருந்த வாழைநாரைக் கீழே வைத்தார். பிறகு, டிக்கெட்டைக் கடையில் வைத்துவிட்டுப் போங்கள், பூ வாங்க வருகிறவர்களிடம் சொல்கிறேன் என்றார்.

ஜாலான் புசார் பக்கம் ஒரு சங்கத்தின் மாடிக்கூடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்கு எடுத்தேன். பாதிக்கு மேல் நிரம்பியது. ஆனால் முன்னிரண்டு வரிசையில் ஒருவரும் உட்காரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். "பரவால்ல, யாராச்சும் வருவாங்க" என்றார் ஒரு பெரியவர், எனக்கு ஆறுதல் சொல்வது போல. காலி நாற்காலிகளைத் தாண்டித்தான் பேச வேண்டியிருந்தது. சிரித்தார்கள், நன்றாகவே. ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்குப் பிறகும் இரண்டு மூன்று தலைகள் கதவுப் பக்கம் திரும்பின. பேருந்துப் பெண்ணைத் தேடினேன். வந்திருக்கவில்லை. அவருக்குச் சொல்லி அனுப்ப எனக்கு வழியும் இருக்கவில்லை.

கடைசியாக ஆட்டுக் கதை. ஒரு தளத்தையும் கூட்டாமல் நேராகக் கொண்டுபோனேன். ஆடு காணாமல் போகிறது, அவர் மாடி மாடியாகத் தேடுகிறார், தன் தளத்துக்கே திரும்பி வருகிறார். முடிவுக்கு நாலைந்து வாக்கியங்கள்தான் இருந்தன.

கதவு திறந்தது.

கூட்டம் முழுவதும் திரும்பியது. பின்வரிசையில் சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். நான் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கும்பிட்டு, ஒலிவாங்கியை விட்டு விலகி நின்றேன். அதைச் செய்தது நானா என்று யோசிக்கும் முன்பே செய்து முடித்திருந்தேன்.

வாசலில் மாலைக்காரர். கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்திருக்கிறார். கையில் வாழையிலைப் பொட்டலம்.

கூடம் அதிரச் சிரித்தார்கள். அன்றைக்கு அவ்வளவு பெரிய சிரிப்பு வேறு எதற்கும் வரவில்லை. நான் என்னையே நடித்துக் காட்டியதாக நினைத்தார்கள், அதுவே முடிவு என்றும் நினைத்தார்கள். கைதட்டல் நிற்கும் முன் மாலைக்காரர் கூச்சத்தோடு நடந்து வந்து, பொட்டலத்தைப் பிரித்து, மாலையை எனக்குப் போட்டார். மாலை விழுந்துவிட்டால் நம்மவர்களுக்கு நிகழ்ச்சி முடிந்தது. பைகளை எடுத்துக்கொண்டார்கள். நான் தடுக்கவில்லை. நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி தொடங்கி எனக்குப் பழக்கமில்லை.

அடுத்த வாரம் தேக்காவுக்குப் போனேன். மாலைக்காரர் நாரை விரலில் சுற்றியபடி, தனக்காகவா எழுந்து நின்றார்கள் என்று கேட்டார். ஆமென்றேன். அதில் அவருக்கு லேசான சந்தோஷம் இருந்தது. பிறகு கேட்டார்.

"அந்த ஆடு கடைசில என்னண்ணே ஆச்சு?"

கடை முன்னால் நின்றபடி சொன்னேன். பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஆடு கத்துகிறது. எல்லாக் கதவும் ஒரே மாதிரி என்பதால் தடுமாறி அங்கே போய் நின்றிருக்கிறது, யாரோ உள்ளே விட்டிருக்கிறார்கள். ஆட்டுக்காரர் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறார்.

"தட்டலயா?"

"தட்டல."

"ஏன்?"

"குடி வந்து ஒரு வருஷமாச்சு. அந்த வீட்டுக்காரர் பேரு தெரியாது. என்னன்னு கூப்பிடுவாரு?"

மாலைக்காரர் சிரிக்கவில்லை. நாரை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"ஜூரோங்காரரு சனிக்கிழமைக்குச் சொல்லியிருக்காரு. ஆளுயர மாலை" என்றார். "நேரம் நிறைய இருக்கும், போய் முடிவோட சொல்லுங்க."

போனேன். அந்தச் சனிக்கிழமை விருந்தினர் அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கே வந்துவிட்டார். நான் மேடையேறாமல் பத்திரிகையாளர் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.