கடைமடைக்கு மழையைக் கூட்டினார்கள்

இங்கே பிள்ளை தப்பாகச் செய்தால் கைதட்டுகிறார்கள். கனடாவில் நான் உதவியாளராக இருக்கும் தொடக்கப்பள்ளியில், மூன்றாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் இது தினசரிக் கூத்து. கம்ப்யூட்டர் மாதிரி யோசிக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறார்களாம். ‘இது நடந்தால் அதைச் செய்’ என்று விதி எழுத வேண்டும். பிசகினால் அதற்கு ‘பக்’ என்று பேர், உடனே கைதட்டல். எங்கள் ஊர் அறிவியல் வாத்தியார் பிசகைக் கண்டால் பிரம்பை எடுப்பார். இரண்டு கூத்தையும் பார்த்துவிட்டேன். இரண்டிலும் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கியதில்லை.

போன வாரப் பாடம் ஆற்றுப் பாசனம். டேப்லெட்டில் ஒரு வாய்க்கால், அதையொட்டி வரிசையாக வயல் கட்டங்கள். பிள்ளைகள் எழுதிய விதிப்படி தண்ணீர் ஓடியது. மேல் வயல்கள் பச்சை. கடைசிக் கட்டம் மஞ்சள். “பக்!” என்று கூவினார்கள். ஹெதர் டீச்சர் கைதட்டினார். எப்படிச் சரிசெய்வது? மழையைக் கூட்டினார்கள். மேல் வயல்கள் மூழ்கி வழிந்து, கடைசிக் கட்டமும் பச்சையானது. அதற்கும் கைதட்டல்.

 நான் பிறந்ததே அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். பேராவூரணிப் பக்கம், வாய்க்கால் போய் முடிகிற கடைமடை. கூலிக்கு நடவு நட்ட அப்பா கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கிய, மிராசுதாரிடமிருந்து அரசு எடுத்த உச்சவரம்பு நிலம். பட்டா கொடுத்த மேடையில் மந்திரி அடுக்குமொழியில் பொரிந்து தள்ளினார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேலே மிராசுதார் ஆள் வாய்க்கால் மதகின் ஷட்டரை இறக்கிவிட்டுக் காவல் இருப்பான். ஆட்சி மாறும்; ஷட்டரில் ஒட்டிய போஸ்டர் மாறும். அவ்வளவுதான்.

சின்ன வயதில் ஊர் அறிவியல் வாத்தியாரிடம் கேட்டேன். “சார், மழ பெய்யுது, ஆத்துல தண்ணி ஓடுது, எங்க வயலுக்கு மட்டும் ஏன் வரல?”

“பாடத்துல அது இல்ல. உக்காருடி.” பிரம்படி வேறு.

என்னைப் பற்றி ஹெதர் எழுதும் குறிப்பை வைத்துத்தான் இங்கே என் வேலை நிரந்தரமாகும். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஊரில் தம்பி போர்வெல் போடக் காத்திருந்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. டேப்லெட்டை வாங்கி, மழையைப் பழையபடி குறைத்து, ஒரு விதி சேர்த்தேன்: கடைசி வயல் நனையும்வரை மேல் மடைகளைத் திறக்கக் கூடாது. எல்லாம் பச்சை.

“தண்ணீர் தானாக அப்படி ஓடாதே?” என்றார் ஹெதர்.

“ஓடாது. ஆள்தான் திறக்க வேண்டும்.”

“ஓ, உங்கள் ஊரில் அது ஒரு சடங்கா?”

“சண்டை.”

நான் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார். என் விதியை அழித்துவிட்டு மழையைத் திரும்பக் கூட்டினார்.

குறிப்பு வந்தது: ‘தன் பண்பாட்டை அழகாகப் பகிர்கிறார்.’ வேலை நிரந்தரம்.

தம்பிக்குப் போன் போட்டேன். “வேல கெடச்சிருச்சுடா. போர் போடு.”

“ஷட்டரு இன்னும் எறங்கித்தான்க்கா கெடக்கு. ஊரோட போயி மறியல் பண்ணலாம்னு பேசிக்கிட்டு இருக்கோம்...”

“மறியல் பண்ணிக் கிழிச்சீங்க. போரப் போடுடா.”

போட்டுவிட்டான். தண்ணீர் பீய்ச்சுகிற வீடியோ வகுப்பில் இருக்கும்போது வந்தது. எதிரே டேப்லெட்டில் பிள்ளைகள் மழையைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் இங்கேயும் கடைசிக் கட்டம் பச்சை. ஷட்டர் இறங்கியபடியே கிடக்கிறது.