பேத்தியைத் தூங்க வைத்த பஸ்

எங்க ஊர் ஆத்து வெள்ளம் ஜங்ஷனுக்குள்ள வந்த வருஷம் பிறந்தவள் என் பேத்தி. பகலில் தூங்கினால் ராத்திரி வீட்டையே ரெண்டாக்குதா.

"மாமா, இன்னைக்கு மத்தியானம் மட்டும் தூங்க விட்டுராதீங்க"ன்னு மருமகள் கெஞ்சினாள். அதுக்குத்தான் பிள்ளையை வெளியே தூக்கிட்டுப் போனேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டிருந்த என்னிடமிருந்து பிள்ளையை ஒரு அம்மா வாங்கி மடியில் போட்டு, தட்ட ஆரம்பிச்சிட்டா.

"தட்டாத தாயி, தூங்கிருவா."

"பச்சப்பிள்ளையத் தூங்க விடமாட்டேங்குதீங்களே, நீங்கள்லாம் ஒரு தாத்தாவா?"

பஸ்ஸே என்னை முறைச்சுது. "ஏட்டி, எந்தி"ன்னு பேத்தியைக் கூப்பிட்டேன்.

கண்டக்டர் சொல்லுதாரு: "பெரியவரே, பையப் பேசும். பிள்ள முழிச்சிரும்."

இறங்கும்போது அவளுக்கு நல்ல தூக்கம்.

"ராத்திரி அவகூட முழிச்சிருக்கப் போறது நீங்கதான்"னுட்டா மருமகள்.

அந்த அம்மா எந்தத் தெருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. பிள்ளையை இன்னைக்கு ராத்திரி அங்கன விட்டுட்டு வாரேன்.