தொட்டில் ஷெட்டும் டயப்பர் தொட்டியும்

பெருமாநல்லூர் ரோட்டில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. போன ஆனி மாதம் ஒரு நாள் காலையில் அந்தத் தோப்புக்காரர் ஒரு சாக்கு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் ஆபீஸ் வாசலில் தலைகீழாகக் கவிழ்த்தார். விழுந்ததெல்லாம் டயப்பர். நாய் கிழித்தது, மழையில் ஊறியது, உள்ளே இருந்த ஜெல் ஊதி ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி வழிந்தது. நடுவே பெண்களின் நாப்கின்களும் கிடந்தன. அவற்றைக் கண்டதும் அங்கே நின்ற ஆம்பளைகள் அத்தனை பேரும், மழை வருமா என்று பார்க்கிறவர்கள் போல, ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள்.

“உங்க கம்பெனிக் குப்பைங்க. நாய் இழுத்தாந்து என்ற தோப்புல போடுது. இன்னிக்கு மாடு ஒண்ணு வாயில வச்சு மென்னுட்டு நிக்குதுங்க. அது செத்துப்போச்சுன்னா உங்க பனியனையா பால் கறக்கறது?”

எங்கள் பக்கம் கோபத்துக்கும் ‘ங்க’ உண்டு. முகத்தில் மட்டும் எள்ளும் கொள்ளும் வெடிக்கும்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கம்பெனியை ஒட்டி ஒரு தகர ஷெட்டில் எங்கள் முதலாளி குழந்தைகளுக்குத் தொட்டில் கட்டி வைத்திருந்தார். பார்த்துக்கொள்ள ஒரு அக்காவும் இருந்தார். அந்த ஷெட் இருப்பதால்தான் என்னைப் போன்ற கைக்குழந்தைக்காரிகள் வேலைக்கு வர முடிந்தது. ஆனால் சேரும் டயப்பரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. குப்பை வண்டிக்காரர் தொடமாட்டேன் என்றார். கொளுத்தினால் ஈரத்தில் புகைந்ததே தவிர எரியவில்லை. கடைசியில் காம்பவுண்டு மூலையில் கொட்டினோம், மீதியை நாய்கள் பார்த்துக்கொண்டன.

பனியன் ஊரில் துணிக்கா பஞ்சம், வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்து, கட்டிங் வேஸ்டில் கோவணம் கிழித்துக் கட்டிப் பார்த்தோம். துவைக்கத் தண்ணீர் லாரியில் வந்தாக வேண்டும். துவைக்க அந்த அக்காவுக்கு இன்னும் இரண்டு கை முளைத்தாக வேண்டும். மழைக்காலத்தில் ஷெட் முழுக்க ஈரத்துணி தொங்கி, குழந்தைகளுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

மூட்டை கவிழ்ந்த அன்று சாயங்காலம் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். “சட்டப்படி தொட்டில் வச்சே ஆகணுங்கற அளவுக்கு நம்மகிட்ட ஆள் இல்லம்மா. ஏதோ உங்களுக்காக வச்சேன். பக்கத்துத் தோட்டத்தைப் பகைச்சுட்டு என்னால கம்பெனி ஓட்ட முடியாது. தீபாவளியோட ஷெட்டை மூடிறலாம்னு இருக்கேன்.”

என் மகளுக்கு அப்போதுதான் கீழ்ப்பல் இரண்டு எட்டிப் பார்த்திருந்தது. வீட்டுக்காரருக்கு வீரபாண்டியில் சாயப்பட்டறை வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். இரண்டு சம்பளம் இல்லாமல் எங்களால் முடியாது. ஷெட் மூடினால் பாப்பாவை, பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி அமராவதி நகரில் இருக்கும் என் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வருகிறவளை எந்தக் குழந்தை அம்மா என்று நினைக்கும்? விருந்தாளி என்றுதான் நினைக்கும்.

முதலாளிக்கும் மூட மனசில்லை. மண்ணில் மக்கும் டயப்பர் என்று விற்கிற ஒருவரை விசாரித்து வரச் சொன்னார். சாணியும் தென்னை நார்த்தூளும் போட்டுக் குவித்தால் மூன்று மாதத்தில் மண்ணாகிவிடும் என்றார் வந்தவர். தோப்புக்காரரும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் செக்கிங் டேபிளிலிருந்து எழுந்துபோய் நின்றேன்.

எங்கள் ஊரில் துணி விஷயத்தில் யார் வாயையும் நம்பமாட்டோம், லைட்டரைத்தான் நம்புவோம். ஒரு நூலை உருவிக் கொளுத்துவோம். காட்டன் என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் என்றால் சுருங்கி, உருகி, நுனியில் மணி மாதிரி கெட்டியாகிவிடும். இந்தச் சோதனையில் நான் கெட்டிக்காரி என்று கம்பெனியில் எனக்குப் பெயர் உண்டு. டயப்பரின் மேல்துணியில் ஒரு துண்டைக் கிழித்துக் கொளுத்தினேன். சுருங்கியது. உருகியது. மணி கட்டியது.

“பாலியஸ்டருங்கண்ணா! கையும் களவுமா மாட்டிக்கிச்சு!” என்று கத்தினேன்.

“இல்லீங்க, இது சோளத்து மாவிலிருந்து எடுக்கறதுங்க” என்றார் விற்பவர்.

“சோளம் பொரியுமுங்க. எங்கயாவது உருகுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதரின் முகம் சுண்டிப்போனது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது: ஷெட்டைக் காப்பாற்ற வந்த ஒரே ஆளை நானே விரட்டிக்கொண்டிருக்கிறேன். வாய் என்றால் வாய், எங்கள் அம்மா பெற்ற வாய்.

அப்போது தோப்புக்காரர் தொண்டையைச் செருமினார். “ஏனுங் அம்மிணி, நெருப்புல உருகறதெல்லாம் மண்ணுல மக்காதுன்னு யாரு சொன்னாங்க? வெல்லங்கூடத்தான் உருகுது. மழையில போட்டா நிக்குதுங்களா?” பிறகு முதலாளியிடம் திரும்பினார். “உங்க காம்பவுண்டுக்குள்ளயே போட்டுப் பாருங்க. சாணி நான் தர்றேன். ஐப்பசி மழைக்கு முன்னால நானே வந்து வெட்டிப் பாப்பேன். மக்கலீன்னா தொட்டிலைக் கழட்டிருங்க.”

ஹாலோ பிளாக் அடுக்கி, ஒன்று நிறைந்ததும் மற்றதில் போடலாம் என்று இரண்டு தொட்டி கட்டினார்கள். மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, டயப்பரைக் கிழித்துப் போட வேண்டும். அதன் மேல் சாணிக் கரைசல், நார்த்தூள், மறுபடி டயப்பர். அதே ஆளிடம் மக்கும் நாப்கினும் வாங்கினோம், அவையும் அங்கேயே போயின. நாலைந்து நாளில் குவியல் சூடாகிவிட்டது. கையை விட்டால் இட்லிப் பானையில் விட்ட மாதிரி சுட்டது. நாற்றம் வரும் என்று பயந்தோம். நார்த்தூள் குறைந்த அன்று வரவும் செய்தது, கூடப் போட்டதும் அடங்கியது.

அந்த மூன்று மாதமும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டீ நேரத்தில் எல்லோரும் போண்டாவைப் பார்க்கப் போவார்கள், நான் குப்பையைப் பார்க்கப் போவேன். பத்து வருடமாக நூலைக் கொளுத்தி நான் சொன்ன தீர்ப்பு தப்பியதில்லை. இந்த ஒரு தடவை மட்டும் நான் சொன்னது சுத்தப் பொய்யாகிவிட வேண்டும் என்று போகிற வழியில் இருக்கிற மாரியம்மனிடமெல்லாம் வேண்டிக்கொண்டேன். அம்மா வேறு போனில், “பாப்பாவுக்குத் தூளி கட்ட விட்டத்துல கொக்கி போட்டாச்சு கண்ணு” என்றாள். சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஐப்பசி பிறப்பதற்கு முன்பே ஒரு நாள் காலையில் தோப்புக்காரர் மம்பட்டியோடு வந்துவிட்டார். முதலாளி வந்தார், தொட்டில் ஷெட் அக்கா வந்தார். நான் சூப்பர்வைசரிடம் சொல்லாமலே வந்தேன். முதலில் நிறைந்து மூடிவைத்த தொட்டியில் முதல் வெட்டு வெட்டினார். முழுசாக ஒரு டயப்பர் எழுந்து வந்தது. கிழியவில்லை, கறுக்கவில்லை. இடுப்புப் பட்டியில் அச்சடித்த கரடிக்குட்டி அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

தோப்புக்காரர் அதை மம்பட்டி நுனியில் தூக்கி முதலாளிக்குக் காட்டினார். நான் மனசுக்குள் அமராவதி நகர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தே விட்டேன்.

“அது நம்முளுது இல்லீங்க” என்றார் அக்கா. “நம்முளுதுல படம் ஏதுங்க? யாரோ காலைல ஊட்டுல இருந்து போட்டுட்டு வந்ததுங்க. தெரியாம இதுல விழுந்திருக்குது. அக்கட்ட வெட்டிப் பாருங்க.”

அந்தப் பக்கம் வெட்டினார். கறுப்பாக, ஈரமாக, பொலபொலவென்று மண். இன்னும் ஆழமாக வெட்டினார். அதுவும் மண். மணல் சலிக்கிற சல்லடையில் போட்டுச் சலித்தோம். ஒட்டுகிற பட்டிகளும் எலாஸ்டிக் நூல்களும் மேலே தங்கின. நான் உருகுது என்று கூவிய மேல்துணி மட்டும் தேடித் தேடியும் கிடைக்கவில்லை. ஜெல் மக்கியதா, மண்ணோடு கலந்து நிற்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தோப்புக்காரர் ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். பழைய மழை வாசம்தான் வந்திருக்க வேண்டும், முகம் சுளிக்கவில்லை. “திங்கற வெள்ளாமைக்கு வேண்டாமுங்க. வேலியோரம் இருக்கற வேப்ப மரத்துக்குப் போடுங்க” என்றார். மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தவர், திரும்பிப் பார்க்காமலே, “தொட்டில் இருக்கட்டுங்க” என்றார்.

வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. முதலாளி என்னைப் பார்த்து, “சோளம் உருகுமாம்மா?” என்றார். “உருகுமுங்கண்ணா, நல்லா உருகும்” என்றேன். அந்த வியாபாரியின் காலில் விழச் சொல்லியிருந்தால்கூட விழுந்திருப்பேன்.

நேராகத் தொட்டில் ஷெட்டுக்குப் போனேன். அது நான் வருகிற நேரமில்லை. என் மகள் பாயில் உட்கார்ந்து ஒரு காலி நூல் கோனைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அதைப் போட்டுவிட்டு மடமடவென்று தவழ்ந்து வந்து என் சுடிதாரைப் பிடித்து எழுந்து நின்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

பின்னாலேயே வந்த அக்கா பதறிப்போனார். “ஏங் கண்ணு அழுகறே? குப்பை மக்குனதுக்கா?”

“ஆமாக்கா, குப்பை மக்குனதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அழுதேன்.