புவனா அக்காவின் வெயில் ஞாயிறு

சனிக்கிழமை காலையில் கலா எனக்குத் தொலைபேசி எடுத்தபோது நான் கோழி இறைச்சிக்கு உப்பும் தூளும் பிரட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் மறுநாளைக்காகத்தான். "ஞாயிற்றுக்கிழமை வெயிலாம், எல்லாரும் வெளிக்கிடுங்கோ" என்று புவனா அக்கா முதல்நாள் பின்னேரமே எங்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். கலாவும் அவரும் ஒரே வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வாடகைக்கு இருந்தவர்கள். "சாந்தி அக்கா, புவனா அக்கா எழும்பேல்லை" என்றாள் கலா. "லீவு நாளிலை அவ எப்பவடி நேரத்தோடை எழும்பினவ? கதவைத் தட்டு" என்றேன் நான். "தட்டினனான். திறந்து போய்த் தொட்டும் பாத்திட்டன். அவ குளிர்ந்து போய்க் கிடக்கிறா அக்கா." தூள் பிரண்ட கையாலேயே கண்ணைத் துடைத்துவிட்டேன். எரிந்தது. எரியட்டும் என்று அப்படியே நின்றேன்.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவின் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த மரண அறிவித்தலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் அறிவித்தல்களில் குடும்பத்தார் பெயர் எல்லாம் வரும். முன்னமே இறந்துவிட்டவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல் போடுவார்கள். புவனா அக்காவின் கணவர் பெயருக்கு முன்னால் அது இருந்தது. அடுத்த வரியில் 'நிமலனின் அன்புத் தாயாரும்' என்று மட்டும் இருந்தது. ரூ பெர்தொனே தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்த என்னை மறித்து, "அந்தப் பெடியனுக்கு முன்னாலை ஒரு சொல் விடுபட்டுப் போச்சுதெல்லோ?" என்று கேட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். விடுபடவில்லை. அதைத் தெருவில் நின்று விளங்கப்படுத்த எனக்குத் தொண்டை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

புவனா அக்கா கிளிநொச்சியிலிருந்து தனியாக வந்தவர். கணவர் ஏற்கெனவே காலமாகிவிட்டார். மகன் நிமலனைத் தன் தமக்கையிடம் விட்டுவிட்டு, கார்த் என்கிற வதிவிட அட்டை கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வந்தார். கார்த் இழுபட்டது. அவர் ஒரு உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு அந்தக் கடைசிச் சண்டை நடந்தபோது, சனம் முழுக்கக் கடற்கரையோரம் ஒதுங்கியிருந்தபோது, அங்கிருந்து எப்போதாவது ஒரு அழைப்பு வரும். வந்தால் அரை நிமிடம் நிற்கும். நிலக்கீழ் அறையிலோ கைத்தொலைபேசிக்கு அலை இழுக்காது. படி ஏறி ஏறி வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார் அக்கா. முதலாளி முறைப்பார். கழுவின கோப்பையையே திரும்பக் கழுவுகிறார் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

அந்த ஏப்ரலில் ஒரு ஞாயிறு, நாங்கள்தான் அவரைப் பலவந்தமாக லா வில்லெத் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனோம். வெளியில் தொலைபேசியும் இழுக்கும், மனுசிக்கு ஒரு வாய் சோறும் கொடுக்கலாம் என்று நினைத்தோம். கலா, நான், புறநகர் கூசேன்வில்லில் இருந்து தன் வான் வண்டியோடு வந்த யோகன் அண்ணை. அப்படி ஒரு வெயில்! புல்லில் கால் வைக்க இடமில்லை. வெள்ளைக்காரர் சட்டையைக் கழற்றிப்போட்டுக் கிடந்தார்கள். எங்களுக்கு மேலே ஒரு வெள்ளைப் பூ மரம். அதன் பெயர் எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது. சோற்றைக் குழைத்து நான் அக்காவின் வாயில் வைத்தேன். அந்த வாய் மெல்லும்போதுதான் தொலைபேசி அடித்தது.

நிமலன்தான். ஒலிபெருக்கியில் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது. "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டான். அக்கா விழுங்கியும் விழுங்காமலும் "ஓமடா, சாப்பிடுறன்" என்றார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், ஒரு நாய் குரைத்தது. "எங்கை நிக்கிறியள், ஒரே சத்தமாக் கிடக்கு?" "பூங்காவிலையடா." "நல்லம். இருங்கோ அம்மா, பிறகு எடுக்கிறன்." அவ்வளவுதான். அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் குரலை உலகத்தில் ஒருவரும் கேட்டதாக நான் அறியேன். அவனை வைத்திருந்த தமக்கை பின்னர் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தார். அவன் சேரவில்லை. கண்டவர் இல்லை, கொண்டுபோனதைப் பார்த்தவர் இல்லை, புதைத்தவரும் இல்லை.

"சாந்தி, நான் அவனைத் திருப்பிக் கேக்கேல்லையடி." இதைத்தான் அக்கா வருடக்கணக்காகச் சொன்னார். மெத்ரோவில் சொல்வார், கோயிலில் சாமி வெளியே வரும்போது சொல்வார், வெண்டிக்காய் பொறுக்கும்போது சொல்வார். "நீ சாப்பிட்டியோ எண்டு பெத்தவள் நான் ஒரு சொல் கேக்கேல்லை. என்ரை வாயிலை சோறு இருந்தது. அவன் பசியிலை கேட்டிருக்கிறான்." நான் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். "போதும் அக்கா, விசர் பிடிக்கப்போகுது" என்று ஒருநாள் கத்தினேன். "பிடிச்சால் பிடிக்கட்டும். அவன் எடுக்கேக்கை கேட்டிட்டு விசரியாப் போறன்" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் முதல் வெயில் ஞாயிறு அவருடையதாகிவிட்டது. வேறு நாள்களில் எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டார். வெயில் வந்தால் மட்டும் அந்த மரம், அந்தப் புல், அந்தப் பாய். பாயின் நடுவில் அந்தத் தொலைபேசி. கருவி எத்தனையோ தரம் மாறியது, எண் மாறவில்லை. மார்ச் மாதத்து வெயிலை நம்பலாமோ? ஜக்கெட், தொப்பி, காலுறை எல்லாம் போட்டுக்கொண்டு ஈரப்புல்லில் நடுங்கிக்கொண்டு இருப்போம். ஒரு தரம் ஆலங்கட்டி மழையே பெய்தது. யோகன் அண்ணை சோற்றுப் பானையைத் தன் ஜக்கெட்டால் மூடிவிட்டு, "புவனாக்கா, உங்கடை வெயில் என்ரை மண்டையிலை கொட்டுது" என்றார். நாங்கள் சிரித்த சிரிப்பில் அக்காவும் சிரித்தார். தொலைபேசியை மட்டும் நெஞ்சுக்குள் வைத்திருந்தார். எங்களைப் பார்த்தவர்கள், தமிழ்ச்சனம் என்ன சந்தோசமாய் வசந்தம் கொண்டாடுது என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அந்தச் சிரிப்பு பொய்யில்லை. அந்தக் காத்திருப்பும் பொய்யில்லை.

ஒரு சம்பவத்தைச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகாது. கலாவின் கணவர் ஒரு வருடம் மாரியில் மோசம் போய்விட்டார். அடுத்த வசந்தத்தில், சாப்பிட முன்னர், கலா ஒரு பிடி சோறும் பருப்பும் எடுத்துப் பாய் ஓரத்தில் காகத்துக்கு வைத்தாள். இறந்தவருக்கு வைப்பதுதானே, அதில் என்ன குற்றம்? அந்தப் பூங்காவில் காகத்துக்கும் பஞ்சமில்லை. ஒன்று இறங்கியதும் அக்கா செருப்பைக் கழற்றி எறிந்தார். "இந்தப் பானைக்குள்ளையிருந்து காகத்துக்கு வைக்காதை! என்ரை பிள்ளையின்ரை பங்கும் இதுக்குள்ளைதான் கிடக்கு!" என்று கத்தினார். சுற்றி இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கலா விக்கித்துப்போய், சோற்றைக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்து போனாள்.

கொஞ்ச நேரத்தில் அக்காவே எழுந்து, ஒற்றைச் செருப்போடு கலாவுக்குப் பின்னால் போனார். வாய்க்கால் பக்கமாக இன்னொரு மரத்தடியில் இரண்டு பேரும் நின்றார்கள். "இதிலை வையடி. உன்ரை மனுசன் நல்ல மனுசன். இந்த மரம் அவருக்கு. பாய் எங்களுக்கு" என்று சொன்னாராம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுததை நான் பாயில் இருந்தபடியே பார்த்தேன். அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது. இறந்தவர்களுக்கு அந்த மரம், இருப்பவர்களுக்கு இந்தப் பாய். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஆள் போகப்போக அந்த மரத்தடிக்குப் போய்வருவது கூடிக்கொண்டே வந்தது. நிமலனை மட்டும் அக்கா பாயை விட்டு அசைய விடவில்லை. "பிறகு எண்டால் பிறகுதான். அவன் நாள் சொல்லேல்லையே" என்பார்.

அப்படிப்பட்டவரின் அறிவித்தலை அச்சடிக்கத்தான் நானும் கலாவும் போனோம். கடைக்காரர் கணினியில் அடித்துக்கொண்டு வந்து, "மகனுக்கு என்ன போடுறது?" என்று கேட்டார். அக்காவின் தம்பி கனடாவிலிருந்து தொலைபேசியில் இருந்தார். "காலஞ்சென்ற எண்டு போடச் சொல்லுங்கோ தங்கச்சி. ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச விசயம். அக்காவுக்காகத்தான் இவ்வளவு காலமும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனாங்கள்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். அழுதுகொண்டுதான் சொன்னார். ஐயோ, அந்த மனுசி கண்ணை மூடி இன்னும் எரிக்கக்கூட இல்லை, அதற்குள் பிள்ளையையும் சேர்த்துச் சாகடிக்கவோ? "ஆர் கண்டது? ஆர் புதைச்சது? ஒராளைச் சொல்லுங்கோ, இப்பவே போடுறன்" என்று கத்தினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "போடாமல் விடுறன் அக்கா" என்று மெதுவாகச் சொன்னார். உங்களுக்கு விடுபட்டதாய்த் தெரிந்த சொல் அதுதான்.

பெட்டி மூடும்போது, "தொலைபேசியும் அவவோடை போகட்டும்" என்றாள் கலா. நான் விடவில்லை.

போன ஞாயிறு நல்ல வெயில். ஒருவரும் உத்தரவு போடாமலே மூன்று பேரும் போனோம். வெள்ளைப் பூ மரம் வெட்கம் கெட்டுப் பூத்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே ஆத்திரமாக இருந்தது. பாயை விரித்தோம். கலா ஒரு பிடி சோறு எடுத்தாள். மூன்று பேருமாக அந்த வாய்க்கால் மரத்தடிக்குப் போனோம். வைத்த கை எடுக்கமுன்னர் காகம் வந்துவிட்டது. "அக்கா வந்திட்டா" என்று யோகன் அண்ணை விம்மினார். "ஒரு பிடிதான் அண்ணை, அவவுக்கு மட்டும்" என்றேன். அதற்கு மேல் ஒரு பருக்கை வைக்க விடவில்லை. திரும்பிவந்து நிமலனின் பங்கு இருந்த பானையை மூடிவைத்தேன்.

புவனா அக்கா, உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தத் தொலைபேசியும் அதோடு சேர்ந்த பயமும்தான். முன்பெல்லாம் அது அடிக்காமலே போய்விடுமோ என்று பயந்தேன். இப்போது அடித்துவிடுமோ என்றும் பயமாய் இருக்கிறது. எடுத்த எடுப்பில் "அம்மா" என்றுதான் சொல்வான். அம்மா எங்கே என்று கேட்பான். அதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? பாயில் இருந்து யோசித்து யோசித்துப் பார்த்தேன். பக்கத்தில் சனம் சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்றை மட்டும் முடிவு செய்திருக்கிறேன் அக்கா. வாயில் சோறு இருந்தால் துப்பிவிடுவேன். "நீ சாப்பிட்டியோடா?" என்று முதலில் கேட்பேன். மற்றதைப் பிறகு சொல்வேன்.