கால் தூக்கும்போது ஊது

ஸ்கா இசை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் பாட்டுப் போட்டுக் காட்டுவதில்லை. எழுந்து நடந்து காட்டுவேன். மனைவி உடனே சமையலறைக்குள் போய்விடுவாள். போகட்டும். காதால் இந்த இசையைக் கற்றவர்கள் வேறு விளக்கம் சொல்லலாம். எனக்கு அது காலால்தான் வந்தது, அதுவும் நிறையத் தாமதமாக.

எண்பதுகளின் நடுவில் சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரில் தமிழ் அகதிகளான எங்களை ஒரு நிலக்கீழ் பாதுகாப்பு அறையில் குடிவைத்திருந்தார்கள். குண்டுக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்குக் குண்டே விழாத நாட்டில் பங்கர் கிடைத்தது. வேலை செய்ய அனுமதி இன்னும் வரவில்லை. சாப்பாடு வந்தது, கட்டில் இருந்தது, யாரும் அடிக்கவில்லை. ஆனால் நான் நாள் முழுக்கப் போர்வைக்குள் கிடந்தாலும் அதைக் கவனிக்க ஒருவரும் இல்லை. அந்த நாட்டில் எந்த இடத்திலும் என்னை எவரும் எதிர்பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

எங்களுக்கு ஜெர்மன் படிப்பிக்க வாரம் ஒருமுறை ஒரு சுவிஸ் அம்மா வருவார். ஊரில் என்ன செய்தாய் என்று ஒருநாள் கேட்டார். கோயில் பாண்டில் ட்ரம்பெட் ஊதினேன் என்றேன். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் மாதா பெருநாள் சுற்றுப்பிரகாரத்துக்கும் செத்தவீடுகளுக்கும் ஊதுகிற பாண்ட் அது. அம்மாவின் முகம் மலர்ந்தது. அவருடைய மகன் ஒரு ஸ்கா குழுவில் ட்ரம்ஸ் அடிக்கிறானாம். அவர்களுடைய ட்ரம்பெட்காரனைக் கட்டாய இராணுவப் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் திரும்பி வரும்வரை, ஒரு நாலு மாதத்துக்கு, ஆள் தேவை. புதன்கிழமை வா என்றார். நாலு மாதத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. புதன்கிழமை மட்டும் விழுந்தது.

ஒத்திகை நடந்த இடமும் ஒரு பங்கர்தான். அங்கே வீடுகளுக்குக் கீழே அப்படி ஒன்று இருக்கும். சண்டை வரும்வரை வைன் போத்தல்களும் பனிச்சறுக்குக் கட்டைகளும் பாட்டுக்காரர்களும் அதற்குள் இருப்பார்கள். பையன்கள் எல்லோரும் கறுப்புக் கோட்டும் ஒல்லியான கழுத்துப்பட்டியும் தொப்பியுமாக நின்றார்கள். எனக்கு ஒரு இரவல் ட்ரம்பெட்டும் ஒரு கோட்டும் கிடைத்தன. கோட்டு பயிற்சிக்குப் போனவனுடையது. அவன் என்னைவிட ஒரு முழம் உயரமாக இருக்க வேண்டும்.

ட்ரம்ஸ்காரன் ஒரு கசட்டைத் தந்து, இந்தப் பாட்டுகளைத் தெரியாமல் ஸ்காவுக்குள் நுழைய முடியாது என்றான். முதலில் ஜமைக்காவில் பிறந்த பழைய உருப்படிகள். பாடகரே கிடையாது, குழல்கள் ஒன்றோடொன்று வம்பளக்கும். பிறகு ஒரு இளம் பெண் காதலனைச் சீண்டிப் பாடுகிறாள். கடைசியில் இங்கிலாந்துத் தொழிற்சாலைப் பட்டினங்களில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வேகமாக்கிய பாட்டுகள். வேலை போய்விட்டது, வீட்டில் சண்டை என்று சொல்லிக்கொண்டே துள்ளுகிறார்கள். இவைதான் எனக்கு உடனே பிடித்தவை. எங்கள் ஊரில் துக்கத்துக்கு ஒரு தாளம், சந்தோசத்துக்கு ஒரு தாளம். இவர்கள் இரண்டையும் ஒரே பந்தலில் முடித்திருந்தார்கள்.

கேட்பது சுகமாகத்தான் இருந்தது. ஊதும்போது மானம் போனது. ஸ்காவில் கிட்டார், தாளம் விழுகிற இடத்தில் விழாது. இரண்டு அடிகளுக்கு நடுவே இருக்கிற வெறும் இடத்தில் வந்து வெட்டும். நானும் அங்கேதான் ஊத வேண்டுமாம். நானோ பத்து வருடம் மாதா சொரூபத்துக்கு முன்னால் நடந்து ஊதியவன். இடக்கால் விழுந்தால் ஊதுவேன், வலக்கால் விழுந்தால் ஊதுவேன். நின்றால் எனக்குத் தாளமும் நின்றுவிடும். ஆகவே அந்தச் சின்ன அறைக்குள் நடந்து நடந்து ஊதினேன், கிட்டார் வயரில் தடக்கினேன். எந்தத் துள்ளல் பாட்டும் நான் சேர்ந்தவுடன் பிரேத ஊர்வலமாக மாறியது.

ட்ரம்ஸ்காரன் மரியாதை தெரிந்தவன். பரவாயில்லை, பரவாயில்லை என்று சில கிழமைகள் சொன்னான். பிறகு அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டான். புதன்கிழமையும் கைவிட்டுப் போனால் எனக்குக் கிழமையில் எல்லா நாளும் ஒரே நாள்தான்.

நாங்கள் குடியிருந்த பங்கரில் என் பக்கத்துக் கட்டிலில் மன்னார் அண்ணை ஒருவர் இருந்தார். கறுப்புக் கோட்டைக் கண்டதும் "ஆருடைய செத்தவீடு?" என்று கேட்டவர் அவர். ஒருநாள் நான் கசட்டைப் போட்டதும் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இது எங்கடை பைலாவெல்லோ! வெள்ளைக்காரன் கோட்டுப் போட்டு விட்டிருக்கிறான்."

"பைலா இல்லை அண்ணை. இது வேறை."

"எனக்குப் பைலா படிப்பிக்காதை. தள்ளி நில்."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டில்களுக்கு நடுவில் இறங்கினார். ஊர்க் கலியாண வீடுகளில் இடுப்பை வெட்டி ஆடுகிற பைலாவில் பேர் எடுத்தவராம். இங்கே இடுப்பு ஒரு பக்கம் போக, பாட்டு மறுபக்கம் போனது. அண்ணை விடுகிற ஆள் இல்லை. திரும்பத் திரும்பக் காலைக் குத்திப் பார்த்தார். கடைசியில் வியர்த்துப்போய் நின்று, யாரோ ஏமாற்றிவிட்டது போலக் கோபித்தார்.

"கால் வைக்கிற இடத்திலை ஒண்டும் இல்லையடா. தூக்கேக்கைதான் வருது!"

நான் பாய்ந்து ட்ரம்பெட்டை எடுத்தேன். கால் நிலத்தில் படும்போது சும்மா இருந்தேன், தூக்கும்போது ஊதினேன். வந்தது! அண்ணையும் முழங்காலை வயிறுவரை தூக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டுக் காவலாளி எட்டிப் பார்த்தபோது இரண்டு தமிழர்கள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார்கள். "பைலா," என்று அண்ணை அவருக்கு விளக்கம் கொடுத்தார்.

அடுத்த புதன் ஒத்திகையில் அதே மாதிரி ஊதினேன். பையன்கள் கூச்சல் போட்டார்கள். ஸ்காவுக்கு எல்லோரும் அப்படித்தான் ஆடுவார்களாம், முழங்காலைத் தூக்கி நின்ற இடத்தில் ஓடுவதுபோல. இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கு இருந்த சந்தோசத்தில் அதை மன்னித்தேன்.

மன்னித்துச் சில கிழமைதான் போயிருக்கும், ட்ரம்பெட்காரன் பயிற்சி முடித்து வந்துவிட்டான். ஒட்ட வெட்டிய தலை, நிமிர்ந்த முதுகு. என் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னான். நல்ல பிள்ளை, அதனாலேயே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. கோட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்து, ட்ரம்பெட்டையும் அதன்மேல் வைத்துவிட்டு, அவன் ஊதத் தொடங்குமுன் வெளியே வந்துவிட்டேன். போ என்று சொல்லும்வரை இருக்கிற ஆள் நான் இல்லை. அடுத்த புதன் மாலை ரோசத்தோடு கட்டிலில் படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது.

காவலாளி என் பெயரைக் கொலைசெய்தபடி கூப்பிட்டார். எனக்குத் தொலைபேசியாம். அகதி விசாரணைக்காரர்கள் என்று நினைத்துக் காதில் வைத்தேன். ட்ரம்ஸ்காரன்! பேர்ண்காரர் ஆறுதலாக, இழுத்து இழுத்துப் பேசுபவர்கள் என்று பெயர். அவ்வளவு வேகமாக ஒரு பேர்ண்காரன் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. எனக்கு விளங்கியதை என் தமிழில் சொல்கிறேன்.

"எங்கையடா நிக்கிறாய்? இவனை நாலு மாசம் அணிவகுப்பிலை நடக்க விட்டுப் பழுதாக்கிப் போட்டாங்கள். கால் விழுற இடமெல்லாம் ஊதுறான். நீ வந்து பக்கத்திலை நிண்டு ஊது. வரேல்லை எண்டால் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டியோ? எல்லாரும் உன்னை எதிர்பாத்துக்கொண்டு நிக்கிறம்!"

அதோடு விடவில்லை, இன்னும் ஏசினான். நான் தொலைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டே நின்றேன். வாயைத் திறந்தால் ஏசுவதை நிறுத்திவிடுவானோ என்று பயமாக இருந்தது.